வாசலருகே கிடந்த இலாசரும் நம் காலத்துக் கொள்ளைநோயும்



2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது ஒரு பேச்சு எங்கும் கேட்டது. கொரோனாவுக்கு ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு கிடையாது. சாதி கிடையாது, மதம் கிடையாது என்றார்கள். நோய்க்கிருமியைப் பொறுத்தவரை இது உண்மைதான். அது ஆளைப் பார்த்துத் தொற்றுவதில்லை. ஆனால் அது நுழைந்த வீடுகள் ஒன்றுபோல இருக்கவில்லை. ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகிறார்கள், வீட்டில் முதியவர் எத்தனை பேர், ஒரு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியுமா, மூச்சுத் திணறினால் எந்த மருத்துவமனையின் கதவு திறக்கும்? நோயின் விளைவைப் பெருமளவு தீர்மானித்தவை இவைதாம். இவை எல்லாமே நோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகியிருந்தவை.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனா நெருக்கடி நிலை முடிந்ததாக அறிவித்தது. முகக்கவசங்களை மறந்துவிட்டோம். ஆலயங்கள் மீண்டும் நிறைந்துவிட்டன. இப்போது ஏன் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நோயின் அச்சம் நெஞ்சை அடைத்திருந்த நாள்களில் நிதானமாகச் சிந்திக்க முடியவில்லை. இப்போது முடியும். மேலும், கொள்ளைநோய் மனித வரலாற்றில் ஒருமுறை மட்டும் வந்து போகும் விருந்தாளி அல்ல. அடுத்தது வரும்போது நம் பங்குகள் எந்த நிலையில் இருக்கப்போகின்றன என்பது இன்று நாம் செய்வதைப் பொறுத்தது. எனவே, நாம் வாழும் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளை மனதில் கொண்டு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

முதல் கேள்வி: யாருக்கு எளிதில் தொற்றியது?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். தமிழ்நாடு முழுவதற்குமான சராசரி 555 மட்டுமே. அன்றைய நகர மக்கள் சுமார் 46 இலட்சம் பேரில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தனர். இவர்கள் ஏதோ தொலைவில் இருப்பவர்கள் அல்ல. சாந்தோம் பேராலயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் நொச்சிக்குப்பமும் சீனிவாசபுரமும் இருக்கின்றன. பெசன்ட் நகரின் அகலமான தெருக்களை ஒட்டியே ஊரூர் ஆல்காட் குப்பம் இருக்கிறது. ஒரே பங்கு, ஒரே பலிபீடம். ஆனால் வீடுகள் வேறு.

அந்நாள்களில் நமக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகளை நினைத்துப் பாருங்கள். வீட்டில் இருங்கள், இடைவெளி விடுங்கள், அடிக்கடி சோப்பு போட்டுக் கைகழுவுங்கள், அறிகுறி தெரிந்தால் தனி அறையில் இருங்கள். மருத்துவ முறைப்படி இவை அனைத்தும் சரியானவை. ஆனால் ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருப்பவர், லாரித் தண்ணீரை எதிர்பார்த்திருப்பவர், ஒரு நாளைக்குப் பத்துமுறை எப்படிக் கைகழுவுவார்? பலர் சேர்ந்து பயன்படுத்தும் கழிப்பறையில் இடைவெளி எப்படி விடுவது? 2019ஆம் ஆண்டு கோடையில் இந்த நகரமே தண்ணீருக்குத் தவித்ததை நாம் அறிவோம். உடுக்க உடையும் அன்றாட உணவும் இல்லாத சகோதரரிடம், குளிர்காய்ந்து வயிறார உண்டு நலமாகப் போங்கள் என்று சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு தம் திருமுகத்தில் கேட்கிறார் (யாக் 2:15-16). வசதி செய்து தராமல் வழங்கும் அறிவுரையும் அப்படித்தான்.

தொழிலும் ஒரு காரணம். கணினி முன் அமர்ந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடிந்தவர்கள் தப்பித்தார்கள். துப்புரவுப் பணியாளர், காய்கறி வண்டிக்காரர், சுமைதூக்குபவர், செவிலியர், காவலாளி ஆகியோரால் அப்படி இருக்க முடியவில்லை. கோயம்பேடு சந்தையில் பரவிய தொற்றால் 2020 மே மாதத் தொடக்கத்தில் அந்தச் சந்தையையே மூட வேண்டியதாயிற்று. தியாகராய நகரின் பெரிய கடைகளில் வேலை பார்க்கத் தென்மாவட்டங்களிலிருந்து வந்து, விடுதிகளில் நெருக்கியடித்துத் தங்கியிருந்த இளைஞர்களும் இளம்பெண்களும் இருந்தார்கள். கடை மூடியதும் அவர்களுக்கு வேலையும் போனது, தங்குமிடமும் கேள்விக்குறியானது.

ஆய்வுகளும் இதையே காட்டின. 2020 ஜூலையில் சென்னையில் 12,000-க்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது தெரிந்தது. ஆனால் நெருக்கமான வீடுகள் நிறைந்த வடசென்னைத் தண்டையார்பேட்டை மண்டலத்தில் அது 44 விழுக்காடாக இருந்தது. அதே மாதம் மும்பையின் மூன்று வட்டாரங்களில் நடந்த ஆய்வில் வேறுபாடு இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினருக்கும், அதே வட்டாரங்களின் மற்ற குடியிருப்புகளில் 16 விழுக்காட்டினருக்கும் தொற்று வந்திருந்தது. நகரம் ஒன்று, வட்டாரம் ஒன்று, சுவர்தான் வேறு.

இரண்டாவது கேள்வி: யார் உயிரிழந்தார்கள்?

இங்கே விடை சற்றுச் சிக்கலானது. தொற்று யாருக்கு என்பதை வீடும் தொழிலும் பெரிதும் தீர்மானித்தன என்றால், உயிர் யாருக்குப் போகும் என்பதை முதலில் தீர்மானித்தது வயது. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் பல்லாயிரம் நோயாளிகளையும் அவர்களோடு தொடர்பில் இருந்தோரையும் ஆராய்ந்த ஓர் ஆய்வு 2020இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. நோய் உறுதியான 5 முதல் 17 வயதினரில் 2,000 பேருக்கு ஒருவர் இறந்தார்; 85 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் இறந்தார். இறந்தவர்களில் சுமார் 45 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் இருந்தது என்றும் அந்த ஆய்வு கூறியது.

மக்கள்தொகையின் தன்மை என்று அறிஞர்கள் சொல்வது இதைத்தான். இளைஞர் நிறைந்த சமூகத்தில் தொற்று அதிகமாகப் பரவினாலும் இறப்பு விகிதம் குறைவாக இருக்கலாம். முதியோர் நிறைந்த சமூகத்தில் குறைவாகப் பரவினாலும் இழப்பு பெரிதாக இருக்கலாம். 2011 கணக்கெடுப்பில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இந்தியாவில் 100க்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர். நம் மாநிலம் நாட்டின் சராசரியைவிட முதிர்ந்த மாநிலம். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அடுக்ககத்தில் இருவராகவோ தனியாகவோ வாழும் பெற்றோர் எத்தனை பேர் என்பது ஒவ்வொரு பங்குத்தந்தைக்கும் தெரியும். அவர்களிடம் பணம் இருந்தது. மருந்து வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை. நோயில்பூசுதல் அருளடையாளத்தைக்கூடப் பெற முடியாமல் இறந்தவர்கள் உண்டு. மகனும் மகளும் கைப்பேசித் திரையில் அடக்கச் சடங்கைப் பார்த்து அழுதார்கள். இலாசர் எப்போதும் குடிசையில்தான் இருப்பார் என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

ஆயினும், வயதும் வறுமையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும்? குடிசைப் பகுதியின் இளைஞர்கள் பலர் நோயிலிருந்து மீண்டார்கள். அவர்களோடு அதே அறையில் படுத்திருந்த பாட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. நீரிழிவை நாம் பணக்காரர் நோய் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் நடத்திய ஆய்வு 2017இல் வேறொன்றைச் சொன்னது. தமிழ்நாடு போன்ற வளர்ந்த மாநிலங்களின் நகரங்களில் வசதியுள்ளவர்களைவிட ஏழைகளிடமே நீரிழிவு அதிகம். மலிவான அரிசி உணவு, காய்கறிக்கும் பழத்துக்கும் எட்டாத வருமானம், பரிசோதனை செய்துகொள்ள ஒரு நாள் கூலியை விட முடியாத நிலை எல்லாம் சேர்ந்தே ஒருவரைப் பலவீனராக்குகின்றன. கொரோனா வந்தபோது அந்தப் பலவீனம் ஏற்கெனவே அங்கே இருந்தது.

2021 மே மாதத்தை மறக்க முடியுமா? உயிர்வளிக்காக, படுக்கைக்காக, ரெம்டெசிவிர் மருந்துக்காக மக்கள் அலைந்தார்கள். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் மருந்துக்காக இரவும் பகலும் வரிசையில் நின்றார்கள். அரசு மருத்துவமனை வாசல்களில் நோயாளிகளோடு ஆம்புலன்சுகள் காத்துக் கிடந்தன. அந்த நாள்களில் பணம் உள்ளவரும் தவித்தார் என்பது உண்மை. ஆனால் பணம் உள்ளவர் நான்கு தனியார் மருத்துவமனைகளை அழைத்துப் பார்க்க முடிந்தது. இல்லாதவருக்கு வரிசை ஒன்றுதான். 'லான்செட்' குழும இதழ் ஒன்றில் வெளியான ஆய்வின்படி, 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை சென்னையில் வழக்கத்துக்கு மேல் நிகழ்ந்த இறப்புகள் ஏறக்குறைய 26,000. அவற்றில் 17,000-க்கும் மேற்பட்டவை 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் நிகழ்ந்தவை. அதிகாரப்பூர்வக் கணக்கில் ஏறியவை இதில் ஒரு பகுதியே.

இறந்தவர்களை எண்ணுவதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் இந்தியாவில் பதிவான கொரோனா இறப்புகள் சுமார் 4.8 இலட்சம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் வழக்கத்துக்கு மேலான இறப்புகள் சுமார் 47 இலட்சம். இந்திய அரசு இந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை. விவாதம் எதுவாயினும் ஒன்று தெளிவு: சோதனை செய்யாமல், மருத்துவமனைக்குப் போகாமல், வீட்டிலேயே இறந்தவர் கொரோனாவால் இறந்தார் என்று காட்டுவது கடினம். 2021இல் உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் ஒவ்வொரு கொரோனா இறப்புக்கும் 50,000 ரூபாய் வழங்க முடிவானபோது, அதைக் கேட்கத் தேவையான தாள் யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: விழுந்தபின் யாரால் எழ முடிந்தது?

நோய் தொடாத வீடுகளையும் ஊரடங்கு தொட்டது. கடலுக்குள் போக முடியாமல் படகுகள் கரையிலேயே கிடந்தன. மீன் விற்று வாழ்ந்த தாய்மார்களின் கூடைகள் காலியாயின. வீட்டு வேலை செய்யும் பெண்களை, தொற்றைக் கொண்டுவருவார்கள் என்று அஞ்சிப் பல அடுக்ககங்கள் உள்ளே விடவில்லை. உண்மையில், 2020 தொடக்கத்தில் இந்த நோய் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தது. அதைக் கொண்டுவந்ததாகச் சந்தேகிக்கப்பட்டவரோ பாத்திரம் துலக்க வந்தவர்.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களை இங்கே தனியே குறிப்பிட வேண்டும். கூவம், அடையாறு ஆற்றங்கரைகளிலும் கடற்கரையிலும் வாழ்ந்த குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு முதல் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கொண்டுசெல்லப்பட்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னும் 2015 வெள்ளத்துக்குப் பின்னும் இன்னும் பல குடும்பங்கள் அங்கே போயின. வீடு அங்கே போனது. வேலை மட்டும் அடையாற்றிலும் மயிலாப்பூரிலுமே இருந்தது. நடுவில் இருந்தது ஒரு பேருந்து. ஊரடங்கில் அந்தப் பேருந்து நின்றது. 2020 செப்டம்பர் 1 அன்று சென்னையில் நம் ஆலயக் கதவுகள் திறந்ததை நன்றியோடு நினைவுகூர்கிறோம். மாநகரப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கியதும் அதே நாளில்தான். ஐந்து மாதங்களுக்கும் மேலாக நமக்குத் திருப்பலி இல்லை என்று வருந்தினோம். அவர்களுக்கு அதே ஐந்து மாதங்கள் வேலைக்குப் போக வழி இல்லை.

பள்ளிகள் மூடின. கைப்பேசி வழியாக வகுப்புகள் நடந்தன. ஒரு கைப்பேசியும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீட்டில் எந்தப் பிள்ளை படிக்கும்? தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை உள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் படிப்பை விட்டு வேலைக்குப் போன சிறுவர்களும், அவசரமாகத் திருமணம் செய்துவைக்கப்பட்ட சிறுமியரும் எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் இல்லை. ஆனால் அவர்களும் கொள்ளைநோயின் காயம்பட்டவர்களே.

தடுப்பூசியிலும் இதே பாடம் கிடைத்தது. 2021 மே மாதம் 18 முதல் 44 வயதினருக்குத் தடுப்பூசி தொடங்கியபோது இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. தனியார் மருத்துவமனையில் கோவிஷீல்டு ஒரு தவணைக்கு 780 ரூபாய், கோவாக்சின் 1,410 ரூபாய் வரை ஆனது. பின்னர், செப்டம்பர் முதல் தெருத்தெருவாக மாபெரும் முகாம்கள் நடத்தியபோதுதான் ஊசி எல்லாரையும் சென்றடையத் தொடங்கியது. மக்களைத் தேடிப் போனால் சேரும். மக்கள் தேடி வரட்டும் என்று காத்திருந்தால் வசதியுள்ளவர் மட்டுமே வருவார்.

நூறாண்டுக்கு முன்பும் இதே கதை

இது கொரோனாவோடு தொடங்கியது அல்ல. 1918ஆம் ஆண்டு நச்சுக் காய்ச்சல் பம்பாய்த் துறைமுகம் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்து ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்த ஆண்டு மழை பொய்த்தது, விலைவாசி ஏறியது, செப்டம்பரில் இதே சென்னையில் தானியத்துக்காகக் கலவரம் நடந்தது. பசியால் மெலிந்த உடல்களின்மேல் அந்தக் காய்ச்சல் வந்து விழுந்தது.

பம்பாய் நகரின் அன்றைய பதிவுகள் இன்றும் நம்மைத் தலைகுனியச் செய்கின்றன. 1,000 பேருக்கு இறந்தோர் எத்தனை என்று பிரிவு வாரியாக எழுதிவைத்தார்கள். ஐரோப்பியர் 8.3, பார்சிகள் 9, இந்தியக் கிறிஸ்தவர் 18.4, மற்ற இந்துக்கள் 18.9, முஸ்லிம்கள் 19.2. தாழ்த்தப்பட்ட சாதியினரோ 61.6. இரத்தத்தில் எந்த வேறுபாடும் இல்லை. சேரியும் பட்டினியும் அசுத்தமான பணியும்தான் வேறுபாடு. அந்தக் காய்ச்சலில் இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இறந்தார்கள் என்றும் வரலாற்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். வீட்டில் கடைசியாக உண்டவரும், நோயாளிக்கு அருகில் இருந்து பணிவிடை செய்தவரும் அவர்களே.

நற்செய்தி என்ன சொல்கிறது?

லூக்கா நற்செய்தியில் வரும் செல்வரும் இலாசரும் உவமையை (லூக் 16:19-31) நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அந்தச் செல்வர் இலாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ இயேசு சொல்லவில்லை. இலாசர் வாசலருகே கிடந்தார். செல்வர் அதைக் காணாமல் உண்டு மகிழ்ந்தார். இலாசரின் உடலெங்கும் புண் இருந்தது என்பதையும் கவனிப்போம். பசியும் நோயும் ஒரே உடலில் சேர்ந்திருந்தன. ஆண்டவருக்கு இந்தத் தொடர்பு தெரிந்திருந்தது. செல்வரின் குற்றம் ஒரு நாளில் நடந்த குற்றம் அன்று. நாள்தோறும் அந்த வாசலைக் கடந்து போனதே குற்றம். பிறகு அவர் கண்திறந்து பார்க்கும்போது இருவருக்கும் இடையே கடக்க முடியாத பெரும் பிளவு வந்துவிட்டது. கொள்ளைநோயும் அப்படித்தான். அது பிளவை உண்டாக்குவதில்லை; நாம் உண்டாக்கி வைத்ததை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020 மார்ச் 27 அன்று மழையில் நனைந்த, ஆளற்ற புனித பேதுரு சதுக்கத்தில் நின்று, புயலில் சிக்கிய சீடர்களின் படகைப் பற்றி (மாற் 4:35-41) நமக்கு எடுத்துரைத்தார். நாம் எல்லாரும் ஒரே படகில் இருக்கிறோம் என்று உணர்த்தினார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதப் புதன் மறைக்கல்வியுரைகளில், தடுப்பூசி முதலில் செல்வந்தருக்குப் போய்விடக் கூடாது என்றும், சமூக அநீதி என்னும் பெரிய நோயையும் குணமாக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். படகு ஒன்றுதான், ஆனால் அதன் அடித்தளத்தில் இருப்பவர் மீதுதான் தண்ணீர் முதலில் ஏறுகிறது. ஓர் உறுப்பு துன்புற்றால் முழு உடலும் துன்புறும் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் (1 கொரி 12:26) இதையே.

1576இல் மிலான் நகரில் கொள்ளைநோய் பரவியபோது, பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ நகரை விட்டுப் போகவில்லை. வீட்டில் அடைபட்டவர்கள் சன்னல் வழியே திருப்பலி காணும்படித் தெருமுனைகளில் பீடம் அமைத்தார். தம் இல்லத்துத் திரைச்சீலைகளை ஏழைகளுக்கு உடையாகத் தைக்கக் கொடுத்தார். வழிபாடும் உடையும் அவருக்கு இரண்டு வேறு வேலைகளாகத் தெரியவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

நிவாரணப் பொட்டலம் தருவது நல்லது. 2020இல் நம் பங்குகளும் வின்சென்ட் தே பவுல் சபைகளும் அதைச் செய்தன. ஆனால் பொட்டலம் வெள்ளம் வந்தபின் நீட்டும் கை. கரையை முன்பே உயர்த்துவது வேறு பணி. அதற்குச் சில வழிகளை அன்பியங்களில் கலந்து பேசலாம்.

முதலாவது, நம்மை நாமே அறிதல். நம் பங்கேடுகளில் திருமுழுக்கும் திருமணமும் இருக்கின்றன. தனியே வாழும் முதியவர் யார், நீரிழிவுக்கு மருந்து எடுக்காதவர் யார், ஓரறை வீட்டில் வாழ்வோர் யார் என்ற விவரம் அவற்றில் இல்லை. ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவுக்கு இப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கட்டும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு மருந்துகள் வீட்டுக்கே வருகின்றன. தகுதியுள்ளவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது அரை மணி நேர வேலை.

இரண்டாவது, நம் வீட்டில் வேலை செய்பவருக்கு நீதி. மாதச் சம்பளத்தோடு வாரம் ஒரு நாள் ஓய்வு, நோய்வாய்ப்பட்டால் ஊதியம் குறையாத விடுப்பு, வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய உதவி. இவற்றை அரசு கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெல்ஜியத்திலிருந்து வந்த அருள்சகோதரி ஜீன் தெவோஸ் 1985இல் வீட்டு வேலைத் தொழிலாளருக்கான தேசிய இயக்கத்தைத் தொடங்கியது நம் திரு அவையின் உள்ளிருந்துதான்.

மூன்றாவது, தாள்கள். குடும்ப அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டை, இறப்புச் சான்றிதழ் ஆகியவை இல்லாததால் உரிமையை இழப்பவர் பலர். ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களும் வங்கி ஊழியர்களும் நம் பங்குகளில் நிறைய இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மேசை போட்டு அமர்ந்தால் போதும்.

நான்காவது, இடம். அடுத்த நோய் வரும்போது, வீட்டில் தனியறை இல்லாதவர் பத்து நாள் தங்குவதற்குப் பங்கு மண்டபத்தையும் பள்ளி வகுப்பறைகளையும் திறந்துவிட ஆயத்தமா என்று பங்குப் பேரவை இப்போதே முடிவு செய்யட்டும்.

அன்பார்ந்தவர்களே, இறந்தவர்களுக்காக நாம் செபிக்கிறோம், தொடர்ந்து செபிப்போம். கணக்கில் ஏறாத பெயர்களையும் அந்தச் செபத்தில் சேர்த்துக்கொள்வோம். இலாசருக்கு மட்டும் இயேசு அந்த உவமையில் பெயர் கொடுத்தார், செல்வருக்குப் பெயரில்லை. நம் வாசலருகே இருப்பவரின் பெயர் நமக்குத் தெரியுமா என்பதே இந்த வாரம் நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது. நோயுற்றோரின் ஆரோக்கியமான அன்னை மரியா நமக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.